வருத்த கேலரி

கால்பந்து ரசிகனுக்கு மனசாட்சி தேவையா என்ற கேள்வி, ரசிகர் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் முறைப்படி விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு முந்தைய பொருள், கூட்ட அறையின் மின்விசிறி போடுகிற சத்தம். அந்த விவாதம் இழுத்துக்கொண்டே போய்விட்டதால் மனசாட்சிக்குக் கொஞ்ச நேரந்தான் மிச்சமிருந்தது.

கூட்டம் பேக்கரி மாடியில் நடந்தது. பேக்கரிக்காரர் பொருளாளர். பல் டாக்டர் தலைவர். செயலாளர், நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் கடிதம் எழுதுகிறவர். தண்ணீர் வராத தெருவுக்குப் பதில் எழுதினாரென்றால், படித்து முடிக்கும்போது தாகமே அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். அந்தத் திறமையைச் சங்கத்துக்கும் சும்மாவே வாரி வழங்கிவந்ததால் எல்லோரும் அவரைத் 'தீர்மானம்' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

மனசாட்சிப் பிரச்சினையை அன்று கிளப்பியவரும் அவரே. காரணம், வீட்டில் இருந்தது. வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்த அவர்கள் அணியை ஒரு துணி ஆலை முதலாளி விலைக்கு வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு 'ஏணி' என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு நெட்டையான முன்கள ஆட்டக்காரரையும் வாங்கிப் போட்டார். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. அதே மாதம், தீப்பிடித்தால் வெளியே ஓடவேண்டுமே, வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டாதீர்கள் என்று கேட்ட குற்றத்துக்காக, ஆலையில் ஒரு ஷிஃப்ட் ஆட்கள் முழுவதையும் முதலாளி வீட்டுக்கு அனுப்பினார். அதில் செயலாளரின் மச்சினனும் ஒருவன். வாடகை கொடுக்க வழியில்லாமல் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு அக்கா வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

தினமும் காலையில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால், ஏதோ தப்புப் பண்ணினவன் மாதிரி அவன் பாயைச் சுருட்டி வைப்பான். செயலாளர் அதைப் பார்க்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். மனைவியும் சும்மா விடவில்லை.

"அந்த ஆளோட டீமுக்குத்தானே தொண்டை கிழியக் கத்துறீங்க. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? தம்பிக்கு வேலை திரும்பக் கிடைக்கணும். நான் வேற என்ன கேட்டேன்?"

இதைத்தான் அவர் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், 'தொழிலாளர் நலன் சார்ந்த சில கவலைகள்' என்று வைத்தார். எல்லோரும் கவலைப்பட்டார்கள். ஆட்டம் பார்க்கப் போகாமல் இருந்துவிடலாமே என்று யாரோ சொன்னதும் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நல்லவேளையாகத் தலைவர் வாயைத் திறந்தார்.

"போகாம இருந்தா, நாம வருத்தப்படுறது யாருக்குத் தெரியும்?"

போன உயிர் எல்லோருக்கும் திரும்பி வந்தது. ஆகவே போவது, கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. நடுவில் கோல் விழுந்தால் என்ன செய்வதென்று பேக்கரிக்காரர் கேட்டார். அது நியாயமான கேள்வி என்பதால் செயலாளர் உடனே எழுத உட்கார்ந்தார்.

'புதிய உரிமையாளரின் பணத்தில் வாங்கப்பட்ட வீரர்கள் அடிக்கும் கோல்கள் ஆழ்ந்த வருத்தத்துடன் ஏற்றுக்கொள்ளப்படும். பழைய வீரர்கள் அடிக்கும் கோல்களுக்கு வழக்கம்போல் மகிழலாம். ஐயத்துக்கு இடமான கோல்கள் அறநெறி உபகுழுவின் முடிவுக்கு விடப்படும். முடிவு அறிவிக்கப்படும்வரை உறுப்பினர்கள் உணர்ச்சியை நிறுத்தி வைக்கவும்.'

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஐயத்துக்கு இடமான கோல் விழுந்து தொலைத்தது. ஏணி அடித்த பந்து, குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த பழைய தடுப்பாட்டக்காரரின் முதுகில் பட்டு வலைக்குள் போனது. மைதானமே எழுந்து குதித்தது. சங்கத்துக்காரர்கள் மட்டும் உணர்ச்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு உபகுழுவைப் பார்த்தார்கள்.

தலைவர், பொருளாளர், செயலாளர் என்று உபகுழுவின் மூன்று தலைகளும் ஒன்று கூடின. அடித்த வேகம் முதலாளியுடையது, ஆனால் முதுகு நம்முடையது என்றார் பல் டாக்டர். முதுகின் மேலிருந்த சட்டை அந்த ஆலைத் துணியாயிற்றே என்று பேக்கரிக்காரர் இடித்தார். சட்டை இல்லாவிட்டாலும் பந்து உள்ளே போயிருக்கும், ஆகவே சட்டையைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று செயலாளர் தீர்ப்பு வழங்கினார். நீண்ட ஆலோசனைக்குப் பின் மகிழ்ச்சி அனுமதிக்கப்பட்டது. அவர் கையைத் தூக்கிச் சைகை காட்ட, மேளம் முழங்க, சங்கம் முழுவதும் துள்ளி எழுந்து விசில் அடித்துக் கைதட்டியது.

எதிரணி பதில் கோல் போட்டுச் சமன் செய்தது அந்த நொடியில்தான். கோல் போட்டவன் திகைத்துப்போய்த் திரும்பி இவர்களைப் பார்த்துக் கும்பிட்டான்.

அந்தக் காட்சி ஊர் முழுக்க எல்லோர் செல்போனிலும் சுற்றியது. எதிரிக்கும் கைதட்டும் பண்பாளர்கள், கையில் துக்கப் பட்டை, கண்ணில் கண்ணியம் என்று எழுதித் தள்ளினார்கள். மறுவாரமே கறுப்புப் பட்டை நாகரிகமாகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் கட்டினார்கள். செய்தி வாசிக்கிறவர் கட்டினார். நகராட்சி அலுவலகத்தில் செயலாளரின் மேலதிகாரி, பந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்றுகூடத் தெரியாதவர், ஒன்றை வாங்கி வந்து இதை எந்தக் கையில் கட்டுவது என்று அவரிடமே கேட்டார். மைதான வாசலில் இருந்த அணியின் சொந்தக் கடையில் பட்டை விற்பனைக்கு வந்தது. தரமான துணி, ஓரத்தில் அணியின் சின்னம்.

பிறகு அணி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. உபகுழு சலவைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. ஏசி அறையில் நல்லுறவு மேலாளர் அம்மா வரவேற்றார்.

"முதலாளி உங்க வருத்தத்தை ரொம்ப மதிக்கிறார். வெயில்ல நின்னு வருத்தப்படுறீங்களேன்னுதான் அவருக்கு வருத்தம்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். செயலாளர் மட்டும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். "பின்கதவைப் பூட்டாதீங்கன்னு கேட்டதுக்கு ஒரு ஷிஃப்ட்டையே அனுப்பிட்டாங்களே மேடம். அவங்க நிலைமை என்ன?"

"அது பரிசீலனையில இருக்கு சார்."

எத்தனையோ தெருக்களுக்கு அவரே அனுப்பிவைத்த வாக்கியம் அது. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. அதற்குள் மேலாளர் அம்மா, அவர்கள் நிழலில் உட்கார்ந்து வருத்தப்பட மைதானத்தில் தனி இடமே ஒதுக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் 'வருத்த கேலரி' பிறந்தது. கூரை, மெத்தை வைத்த இருக்கை, இடைவேளையில் ஜூஸ். உட்கார்ந்து வருத்தப்படுவதால் வருத்தம் குறைந்துவிடாது என்று உபகுழு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. சங்க உறுப்பினர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு இரட்டை விலை. மற்றவர்கள் முண்டியடித்து வந்தார்கள். பெரிய திரையில் அவர்கள் முகங்களைக் காட்டுவார்கள் என்பதால், பல் தெரியாமல் வருந்துவது எப்படி என்று டாக்டர் ஒரு சிறு வகுப்பே எடுத்தார்.

ஒருநாள் மச்சினன் பன் பாக்கெட்டோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். ஆலையில் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். சம்பளம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை, ராப்பகலாக வேலை இருக்கிறதாம்.

"என்ன தைக்கிறீங்க?" என்றார் செயலாளர்.

"கறுப்புப் பட்டைதான் மாமா. எல்லாம் உங்க புண்ணியம்."

மனைவி கணவரைப் பெருமையோடு பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை அவருக்குக் கிடைத்ததில்லை. பின்கதவு என்னவாயிற்று என்று கேட்க நினைத்தவர், அந்தப் பார்வையைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல் பன்னை வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, முதலாளி திருந்தப் போகிறார் என்ற அதிர்ச்சிச் செய்தி வந்தது. மேலாளர் அம்மாவே போனில் சொன்னார். ரசிகர்களின் துக்கம் முதலாளியின் மனதைத் தொட்டுவிட்டது, பின்கதவுப் பூட்டை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார், எடுத்துவிட்டால் உங்கள் வருத்தம் முடிந்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

பேக்கரி மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. வருத்தம் முடிந்தால் கேலரி என்ன ஆகும் என்று பேக்கரிக்காரர் கேட்டார். மறுபடியும் வெயில்தான். டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் மட்டும், நாம் கேட்டதே இதைத்தானே என்று சொல்ல எழுந்தார். அதற்குள் மச்சினன் ஆலைக்கார நண்பர்கள் சிலரோடு படியேறி வந்துவிட்டான்.

"மாமா, கதவு திறந்தா நல்லதுதான். ஆனா நீங்க வருத்தத்தை நிறுத்திட்டா யாரும் பட்டை வாங்க மாட்டாங்க. எங்களை மறுபடியும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உள்ள தீப்பிடிச்சா என்னடா பண்ணுவீங்க?"

"பிடிக்காம பாத்துக்கிறோம் மாமா."

செயலாளர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கை தானாக எழுதியது.

'அணியின் உரிமையாளர் அவர்கள் திருந்துவதில் அவசரம் காட்ட வேண்டாம் என்று இக்கூட்டம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.'

ஏகமனதாக நிறைவேறியது. மச்சினனும் கை தூக்கினான். அவன் உறுப்பினரே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

அந்த வாரமே பதில் வந்தது. ரசிகர்களின் உணர்வுக்கு மதிப்பளித்து, திருந்தும் எண்ணத்தை முதலாளி பெருந்தன்மையுடன் கைவிட்டுவிட்டாராம். மச்சினன் அதை நிம்மதியாகப் படித்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினான். செயலாளர் வாசல்வரை போனார். அவன் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் அவருக்கு உள்ளே வரக் கால் எழவில்லை.

அன்றைக்கு அவருக்கு வந்தது அசல் வருத்தம். பார்க்கத்தான் யாரும் இல்லை.