கன்னத்தில் வைத்த பாக்கெட்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே என் இடதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீ, அத்தான், குட்டிப்பயல் மூவரும் பல்லோடு சேர்த்து நலமாயிருக்க வேண்டுகிறேன்.

அக்கா, நேற்று தையல் கடையில் எல்லார் முன்னாலும் நான் பேசிவிட்டேன். ஒரு வார்த்தை இல்லை, மூன்று வாக்கியம்.

நாலு நாளாகப் பல்வலி. பல் டாக்டருக்குப் போன் பண்ணி நேரம் வாங்கினால்தான் பார்ப்பாராம். தெரியாதவரிடம் போனில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா. அம்மாவோ, "வேலைக்குப் போற பொண்ணு, நீயே பேசு" என்று கையை விரித்துவிட்டாள். அதனால் வீட்டிலேயே சமாளித்தேன். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரைக் கொப்பளித்தேன், கொஞ்சம் அடங்கியது. கிராம்பை ஒதுக்கிக்கொண்டேன், நாக்கு மரத்தது, பல் மரக்கவில்லை. வலி மாத்திரையை ஈறிலேயே வைக்கப் போனேன், "ஈறு வெந்துடும்டி, முழுங்கணும்" என்று அம்மா கையைத் தட்டினாள், மாத்திரை சாக்கடைக்குள் போனது.

நேற்று கன்னம் வீங்கிவிட்டது. கடையில் மிஷின் தைக்கிற அக்கா, "என்ன பட்டன், வாயில நூல் பாபினை ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்றாள். கடையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பட்டன் தைக்கிறேன் இல்லையா. கடை ஃபிரிட்ஜிலிருந்த ஐஸை மேஜைமேல் கிடந்த நீலத்துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்தேன். அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் பார்க்கிறேன், அது கழிவுத்துண்டு இல்லை. ஆஸ்பத்திரி ஆட்களுக்கு நாற்பது சட்டை தைக்கணும், அதுக்கு எங்க கட்டிங் மாஸ்டர் மாதிரிக்கு வெட்டி வெச்ச பாக்கெட். உடனே இஸ்திரி போட்டுக் காயவைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மாஸ்டர் வந்து அதை அளவுக் காகிதத்தின் மேல் வைத்தார். விரற்கடை குறையுது. "நான் வெட்டினதா இது? கண்ணு போச்சா எனக்கு?" என்று தன்னையே திட்டிக்கொண்டு, கத்திரியை எடுத்து முழுத்துணியையும் வெட்ட உட்கார்ந்துட்டார். நனைச்சு சுருக்கின துணின்னு சொல்லித்தான் அவருக்கு வித்திருக்காங்க. அது பொய்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நாற்பது சட்டையும் முதல் துவைப்புலயே சின்னப்பிள்ளை சட்டையாயிடும். வாயிலிருந்த கிராம்பைத் துப்பிட்டேன் அக்கா.

"மாஸ்டர், வெட்டாதீங்க. அது என் கன்னத்துல இருந்துச்சு. துணி நனைஞ்சா சுருங்குது."

மிஷின் எல்லாம் நின்னுபோச்சு. மாஸ்டர் கத்திரியைக் கீழே வெச்சுட்டு, "பட்டனுக்குப் பேச்சு வருமா?" என்றார். முழுத்துணியையும் ஊறப்போட்டோம். திங்கட்கிழமையிலிருந்து அவர் பக்கத்தில் நின்று நான் வெட்டப் பழகலாமாம்!

இனி எனக்கு யாரிடம் பேசவும் பயமில்லை. இந்தக் கடிதத்தை முடித்ததும் டாக்டருக்கு நானே போன் பண்ணுவேன். அத்தானுக்கு வணக்கம். குட்டிக்கு வலதுபக்க வாயால் ஒரு முத்தம்.

இப்படிக்கு,
பேசத் தெரிந்த உன் தங்கை

பி.கு.: பண்ணினேன். ஒரு அம்மா "சொல்லுங்க" என்றார்கள், வைத்துவிட்டேன். அவங்களே திருப்பிக் கூப்பிடுறாங்க, போன் தலையணைக்கு அடியில் அடிக்குது. உறைக்குப் பின்னால் நம்பர் எழுதியிருக்கிறேன், நீயே பேசி நேரம் வாங்கிவிடு. இதை உனக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன், அத்தான் எடுத்துட்டா என்ன பண்றது?