முடியாத சரஸ்வதி பூசை

ஏட்டில் உறையும் கலைமகளே, வாசித்த நூலிலும் வாசியாத நூலிலும் வேற்றுமை பாராது வீற்றிருப்பவளே, இதனை எழுதும் விரலுக்குத் துணை நிற்பாயாக.

இன்று விஜயதசமி நன்னாள். இந்நாளில் முதற்பிரதியாரை நினையாதிருக்க என்னால் இயலாது.

ஜெர்மனியில் வெளியான தமிழ் நூல்கள் அனைத்தையும் வைத்திருந்தவர் அவர். அவற்றுள் ஒன்றையேனும் வாசிக்காதவரும் அவரே. எங்கள் வுப்பர்டால் நகரில் நூல் வெளியீடு என்றால், குத்துவிளக்கும் அவருமின்றி விழா தொடங்காது. முதற்பிரதியை இரு கைகளாலும் ஏந்தி, கண்ணில் ஒற்றி, ஒளிப்படத்துக்கு நிற்பார். கவிதையாயினும் முழங்கால் வலிக்கு மருத்துவமாயினும் பேதமில்லை. பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, அடியார் திருநாமம்போல் 'முதற்பிரதியார்' என்பதே நிலைத்துவிட்டது.

அந்நூல்கள் மினுங்கல் தாளும் நாடாவும் அவிழாமல், அவர் வீட்டின் ஓர் அறையைக் கூரைவரை நிறைத்திருந்தன. பிரித்தால் பழசாகிவிடும் என்பது அவர் சித்தாந்தம்.

ஒரு நவராத்திரியின்போது, கருவுற்றிருந்த மகள் பேற்றுக்குப் பின் தாய்வீட்டில் தங்க விரும்புவதாகச் சொன்னாள். இப்போதெல்லாம் எல்லாரும் கைபேசியில்தானே வாசிக்கிறார்கள், அறையைக் காலி செய்தால் என்ன என்றும் கேட்டாளாம். மனைவி மலர், பழைய காகிதம் போடும் நீலத் தொட்டியைச் சுட்டிக் காட்டினார். முதற்பிரதியார் அன்றே அவ்வறையில் கும்பம் வைத்து, நூல்கள் அனைத்தையும் சரஸ்வதி பூசைக்குச் சமர்ப்பித்துவிட்டார்.

பூசைக்கு வைத்த நூலை விஜயதசமியன்று எடுத்துச் சில வரிகளாவது வாசிக்க வேண்டும். அதுவரை எவரும் தொடலாகாது. விஜயதசமி வந்தது, அவர் எடுக்கவில்லை. பனி கொட்டியது, உருகியது, பூசை நடந்துகொண்டேயிருந்தது. தெய்வத்துக்கு அஞ்சிய மலர், கோவில் காரியம் பார்க்கும் என்னைப் பங்குனியில் அழைத்தார்.

உள்ளே நுழைந்த நான் திகைத்து நின்றேன். கும்பத்துத் தேங்காய் வற்றிக் கறுத்திருந்தது. மாவிலை, இலை என்று சொல்லும் நிலையில் இல்லை. "சிவ சிவா" என்றேன்.

"என்ன தம்பி இது?"

"நவராத்திரி ஐயா."

"வெளியில பங்குனி நடக்குது."

"ஓம், தெரியும். உள்ளுக்க இன்னும் நவராத்திரிதான்."

மலர் குறுக்கிட்டார். "ஐயா, வெள்ளிக்கிழமை மகள் பிள்ளையோட ஆஸ்பத்திரியால வாறாள். பச்சைக் குழந்தையை அடுப்பெரியிற குசினிக்கயே வளத்துறது? ஒரு வழி சொல்லுங்கோ."

எடுக்கும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வாசித்துப் பூசையை நிறைவு செய்யட்டும், வாசித்தவை கோவில் மண்டபத்து அலுமாரிக்குப் போகட்டும் எனத் தீர்ப்புரைத்தேன். அவர் முதற் பொதியைப் பிரித்தார். உள்ளே இருந்தது, நான் பல்லாண்டு தவமிருந்து எழுதிய பக்திப் பாடல் உரை! காணுமிடமெல்லாம் 'அமிர்தம் ஐயா' என்று அவர் கைகூப்பிய அதே உரை.

"வாசிக்காமலே அமிர்தம் எண்டு சொன்னீரோ?"

"அமிர்தத்தை ஆர் ஐயா குடிச்சுப் பாத்தது?"

பின் எதற்காக மேடைதோறும் ஏறினீர் என்று கேட்டேன். அவர் நாடாவைச் சுருட்டியபடி மெல்லச் சொன்னார்.

"முதற்பிரதிக்கு ஆளைக் கூப்பிட, சபையில ஒருத்தரும் எழும்பாட்டில், எழுதினவற்ர முகம் எப்பிடிப் போகும் எண்டு பாத்திருக்கிறியளோ? நான் பாத்தனான். உங்கட விழாவில."

நினைவு வந்தது. பெரும்பனியால் எங்கள் நகரத்துத் தொங்கு ரயில்கூட நின்றுபோன நாள். அழைத்திருந்த பிரமுகர் வரவில்லை. ஒலிவாங்கி அவர் பெயரைத் திரும்பத் திரும்ப அழைக்க, நூலுடன் நான் மேடையில் நின்றேன். குளிருக்கு ஒதுங்கி வந்தவர்போல் பின்வரிசையில் இருந்த ஒருவர், ஈரக் கோட்டோடு எழுந்து நடந்துவந்தார். அவர் பெற்ற முதல் முதற்பிரதி அதுவே.

நாடாவை வைத்துவிட்டு அவர் என் முன்னுரையை எழுத்துக் கூட்டித் தொடங்கினார். வெள்ளிக்கிழமைக்குள் தொண்டை கட்டிவிட்டது. தொட்டிலுக்கு இடமும் கிடைத்துவிட்டது. என் உரை மட்டும் அலுமாரிக்கு வரவில்லை. அதை வாசித்தால் பேத்தி இரண்டாம் வரியிலேயே உறங்கிவிடுகிறாள் என்று மலர் சொன்னார். இதனினும் மேலான மதிப்புரை எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது அவர்கள் மகளோடு மியூனிக்கில். இங்கு மேடையில் முதற்பிரதிக்கு அழைக்கும்போதெல்லாம், நான் ஒருமுறை பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

இதனை வாசித்தோரும், வாசியாது வாங்கி வைத்தோரும், எழுதியவன் முகம் வாடாதிருக்க எழுந்து வந்தோரும் கலைமகள் அருளால் நீடு வாழ்க.