பதினோரு வீட்டுப் பூனையும் ஓய்வுபெற்ற நாயும்

கில்மோரன் ஊரில் நாய் வளர்ப்பவர்கள் இரண்டு வகை. நாயை விலை கொடுத்து வாங்கியவர்கள் ஒரு வகை. அவர்கள் தெருவில் கொஞ்சம் தலை குனிந்துதான் நடப்பார்கள். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் ஓட்ட நாயைத் தத்தெடுத்தவர்கள் இன்னொரு வகை. இவர்கள் நாய்க்குக் கம்பளிச் சட்டை மாட்டிவிட்டு, யாராவது "நல்ல நாய்" என்றால் போதும், "நாங்க வாங்கலைங்க, வாழ்வு கொடுத்திருக்கோம்" என்பார்கள். யூனா ஹான்ரகனும் ஒரு நாய்க்கு வாழ்வு கொடுக்க முடிவு செய்தாள்.

நாகரிகத்துக்காகத்தான் எடுத்தாள் என்று அவள் கணவன் ஃபின்டன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் அது உண்மையும்கூட. ஆனால் நாய் வந்த மூன்றாம் நாள், அது நடந்து வந்து தன் முழு எடையையும் அவள் தொடைமேல் சாய்த்து நின்றது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஃபின்டன் ஒரு நாளும் அப்படிச் சாய்ந்ததில்லை. அன்றோடு நாகரிகம் போயிற்று, பாசம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பந்தயத்தில் அதன் பெயர் டிப்பெரரிச் சூறாவளி. வீட்டில் மார்ட்டி. வயது நான்கு. மாடிப்படி என்றால் என்னவென்று சூறாவளிக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்ளும். துணி துவைக்கும் இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் ஃபின்டன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். மற்ற நேரமெல்லாம் சோபாவில் மல்லாந்து, நாலு காலையும் தூக்கிக்கொண்டு, பல் தெரியத் தூங்கும்.

இதில் ஒரே ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. வீட்டில் ஒரு பூனை உண்டு. செம்பட்டை நிறம், நல்ல பருமன், பெயர் பிஷப்.

பந்தய நாய்கள் மறுவாழ்வுச் சங்கத்தின் விதிப்படி, பூனை உள்ள வீட்டில் நாய்க்குப் பதினான்கு நாள் தகுதிகாண் பருவம். அதற்குள் பூனை இணக்க அலுவலர் நேரில் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நாய் கொட்டடிக்குத் திரும்பிவிடும். அலுவலரின் பெயர் கோர்மக் லாலர். நான்காம் நாள், முப்பத்திரண்டு பக்கப் படிவத்தோடு வந்து சேர்ந்தார்.

மார்ட்டிக்கு வாய்க்கூடு மாட்டி, வாரைப் பிடித்துக்கொண்டு வந்து, பிஷப்பின் முன்னால் நிறுத்தினார்கள். பிஷப் நாயை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு எழுந்து வந்து மூக்கில் ஓர் அறை விட்டது. சூறாவளி ஃபின்டனின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"நாய் பின்வாங்கியது, மிக நன்று" என்று சொல்லிக்கொண்டே லாலர் எழுதினார். "பூனையோட நிரந்தர முகவரி?"

"இந்த வீடுதான் சார். ஏழு வருஷமா."

"ராத்திரி எங்க தூங்கும்?"

யூனா ஃபின்டனைப் பார்த்தாள். ஃபின்டன் கூரையைப் பார்த்தான்.

"வெளிய போகும், வரும். பூனைதானே சார்" என்றாள் யூனா.

லாலர் பேனாவை மூடினார். மறுநாள் காலையிலிருந்து பிஷப்பைப் பின்தொடரத் தொடங்கினார்.

விசாரணையில் தெரியவந்தது இது. ஹான்ரகன் வீட்டில் காலையில் மத்தி மீன் தின்ற பூனை, பக்கத்து வீட்டு கெரட்டி அம்மாளிடம் இளவரசி என்ற பெயரில் பால் குடித்தது. அஞ்சல் நிலையத்தில் அதற்குக் கேப்டன் என்று பெயர், அங்கே கோழி. பாதிரியார் இல்லத்தில் அதைப் பாவி என்று கூப்பிட்டார்கள். அங்கே பன்றியிறைச்சி, விரத நாளான வெள்ளிக்கிழமை மட்டும் மீன். இப்படிப் பத்து வீடு; தினமும் ஒரு நேரம் லாலரின் கண்ணுக்குத் தப்பிப் போய்வந்த பதினோராவது வீடு எது என்பது மட்டும் பிடிபடவில்லை. எல்லோரும் அதைத் தங்களுக்கு மட்டுமே உரிய பூனை என்றுதான் நம்பியிருந்தார்கள். கெரட்டி அம்மாள் அது ஆண் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கொண்டாள்.

"இதனால நம்ம நாய்க்கு என்ன சார்?" என்று கேட்டாள் யூனா.

"நாய் இந்தப் பூனையோட வாழப்போகுது இல்லையா?"

"ஆமா."

"பூனை பதினோரு வீட்ல வாழுது. அப்போ நாயும் பதினோரு வீட்லதான் வாழப்போகுது. பதினோரு வீட்லயும் அறிமுகம் செஞ்சாகணும்."

"நாய் எங்க வீட்டு சோபாவை விட்டு எறங்காதே சார்."

"அது நாயோட சொந்த விருப்பம். படிவத்துல அதுக்கு இடமில்ல."

ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கட்டம். முதலில், நாய் படுத்த துண்டைப் பூனையும் பூனை படுத்த துண்டை நாயும் முகர வேண்டும். பிறகு தடுப்புக் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கடைசியாக ஒரே அறையில் பத்து நிமிடம். ஏழு வருடம் சோறு போட்டவர்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முறை வைத்து வீட்டுக்கு வீடு பூசை நடக்கும் ஊர் அது. பூசைக்குப் பாதிரியார் வருகிறார் என்றால் கழிப்பறைக்குக்கூட வண்ணம் பூசுவார்கள். நாய் வருகிறது என்று தெரிந்ததும் அதே ஏற்பாடு தொடங்கிவிட்டது. ஒரு வீட்டில் திரைச்சீலை மாற்றினார்கள். இன்னொரு வீட்டில் சோடா ரொட்டி சுட்டு, நல்ல கோப்பைகளை வெளியே எடுத்தார்கள். அஞ்சல் நிலையத்தில் மூன்றாம் கட்டத்தைப் பார்க்க முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

"எங்க வீட்ல நாய் பத்து நிமிஷமும் குறட்டை விட்டுச்சு, உங்க வீட்ல?" என்று கெரட்டி அம்மாள் கேட்டாள்.

"எங்க வீட்ல கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குச்சு" என்றார் பாதிரியார், சற்றே பெருமையாக.

பன்னிரண்டாம் நாள் பத்து வீடு முடிந்து, பதினோராவது வீட்டுக்குப் பூனை வழிகாட்டிக்கொண்டு போயிற்று. பின்னால் லாலர், அவர் பின்னால் யூனா, யூனாவின் மேல் சாய்ந்தபடி மார்ட்டி. பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டு வாசலில் பூனை உட்கார்ந்தது. லாலரின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தது.

அவர் மனைவி அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். "வாடா கண்ணு, இன்னைக்கு ஏன் இவ்ளோ நேரம்?" என்று பூனையைத் தூக்கிக்கொண்டவள், பிறகுதான் கணவரைப் பார்த்தாள். "நீங்களும் வந்துட்டீங்களா?"

வேறொருவராக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். லாலர் நேர்மையான அலுவலர். அன்று மாலையே தன்னைத் தானே விசாரணைக்கு அழைத்தார். மேசையின் ஒரு பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டு, மறுபக்கம் போய் உட்கார்ந்து பதில் சொன்னார். பதில் திருப்தியாக இல்லை என்று குறிப்பு எழுதினார். ஒன்றுக்கு மேற்பட்ட நிரந்தர முகவரி உள்ள பூனைக்கு நிரந்தர முகவரி இல்லை என்று தீர்ப்பாயிற்று. பதினோரு வீட்டில் சாப்பிட்ட பூனை, ஆதரவற்ற பூனையாகப் பூனைகள் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டது.

பதின்மூன்றாம் நாள் லாலர் ஹான்ரகன் வீட்டுக்கு வந்தார்.

"பூனை இல்லாத வீடு ஆயிடுச்சு. கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்ல" என்றார்.

யூனா உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நாய் எங்களுக்குத்தான்."

"எப்படிங்க? பத்து வீட்ல தேறின நாய் இது. பூனை இணக்கம், முதல் தரம். இந்த மாதிரி நாய்க்குப் பூனை வச்சிருக்கிறவங்க வரிசையில நிக்கறாங்க. பூனை இல்லாத வீட்ல இதை வீணாக்க முடியுமா? நாளைக்குச் சாயங்காலம் வண்டி வரும்."

"பூனை இருக்கறதால நாய் போயிடலாம்னு போன வாரம் சொன்னீங்க."

"ஆமா."

"இப்போ பூனை இல்லாததால போயிடும்ங்கறீங்க."

"சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்கம்மா. நிறையப் பேருக்கு இது புரியறதில்ல."

அவர் போனதும் யூனா மார்ட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதாள். நாய் தூங்கிக்கொண்டிருந்தது. "பூனைதானே வேணும்? போய் ஒண்ணு எடுத்துட்டு வா" என்றான் ஃபின்டன். இருபத்தெட்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் உருப்படியான யோசனை அது.

காப்பகத்துப் பெண் விண்ணப்பத்தை எடுத்தாள். "வீட்ல நாய் இருக்கா?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

"அப்போ சிரமம்தான். இங்க இருக்கற பூனைங்க எதுவும் நாயோட பழகினதுக்கு ஆதாரம் இல்ல. குறைஞ்சது ஒரு வீட்லயாவது பரீட்சை பண்ணின அறிக்கை வேணும்."

யூனா, லாலர் கொடுத்திருந்த முப்பது அறிக்கைப் பிரதிகளைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பத்து வீடு, மூன்று கட்டம், சாட்சிக் கையெழுத்தோடு. காப்பகத்துப் பெண் இவ்வளவு படித்த பூனையை வாழ்நாளில் பார்த்ததில்லை. எழுந்து நின்றே பிஷப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: இனி பூனைக்கு யூனா மட்டுமே பொறுப்பு, யார் அதைப் பார்க்கலாம், யார் உணவு கொடுக்கலாம் என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும்.

பதினான்காம் நாள் சாயங்காலம் வண்டி வந்தது, லாலர் பூனையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. யூனா அன்று மார்ட்டிக்கு ஒரு முழுக் கோழி போட்டாள்.

சனிக்கிழமை காலை வாசலில் மணி அடித்தது. கெரட்டி அம்மாள் பால் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாதிரியார், அவருக்குப் பின்னால் அஞ்சல் நிலையத்தார், தெரு முனை வரைக்கும் ஆட்கள்.

"ஒரே ஒரு தடவை இளவரசியைப் பார்த்துட்டுப் போயிடறேன் யூனா. வீடே வெறிச்சுன்னு இருக்கு."

யூனாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. உள்ளே விடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்த சொற்கள் வேறாக இருந்தன.

"அதெல்லாம் அப்படிச் சட்டுன்னு பார்க்க முடியாதும்மா. முதல்ல நான் உங்க வீட்டை வந்து பார்க்கணும். வியாழக்கிழமை தோதுப்படுமா?"

சொல்லி முடித்ததும், நாக்கில் ஏதோ இனித்தது. கெரட்டி அம்மாள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். கெரட்டி அம்மாளோ மரியாதையாக, "வியாழன் சௌகரியம்தான், காலையிலயா மத்தியானமா?" என்றாள். பாதிரியார் தனக்குப் புதன்கிழமை கிடைக்குமா என்று கேட்டார். ஒருவர் முந்தப் பார்த்ததற்குப் பின்னால் நின்றவர்கள் அதட்டினார்கள், வரிசை இன்னும் நேராயிற்று.

கடைசியில் லாலர் நின்றிருந்தார், மனைவி கொடுத்தனுப்பிய மீன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு. யூனா அவரிடமும் அதையே சொன்னாள், கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவரிடம் ஒருவர் முறைப்படி பேசியது இதுதான் முதல் தடவை. மீனை ஃபின்டன் கையில் கொடுத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"விண்ணப்பம் எத்தனை பிரதிங்கம்மா?"