லிஃப்ட்காரர் படியேறுகிறார்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் லிஃப்ட் மெக்கானிக் மாட்டிக்கொண்டார்.

எதிரே இன்சூரன்ஸ் மேனேஜர் நின்றிருந்தார். கனத்த சரீரம். அலுவலகக் கதவிலிருந்து லிஃப்ட் கதவு வரைக்கும் இருக்கும் தூரத்தைத் தவிர வேறு எங்கும் நடந்து பழக்கமில்லாதவர். பட்டனை அழுத்தப் போன விரலை அப்படியே நிறுத்தினார்.

“என்ன மெக்கானிக், படியில வர்றீங்க?”

“சும்மாதான் சார்.”

“சும்மாவா? இந்த டூல் பெட்டியத் தூக்கிக்கிட்டு யாராவது சும்மா மாடி ஏறுவாங்களா? லிஃப்ட் ஓடலையா?”

“ஓடுது சார். ஜோரா ஓடுது.”

“அப்ப நீங்க ஏன் ஏறல?”

மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். “நான் ஏறக் கூடாது சார். ஏன்னு வெளிய சொல்லவும் கூடாது. என்னை விட்டுடுங்க” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே நழுவினார்.

இன்சூரன்ஸ் மேனேஜர் லேசில் விடுகிற ஆளா? ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று யோசித்து யோசித்தே தலை நரைத்தவர். விரலைப் பட்டனிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியில் இறங்க ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளைக்கு முன்னால் மெக்கானிக்குக்குக் காது அடைத்துக்கொண்டது. மற்றவர்களுக்குக் காது அடைத்தால் பெண்டாட்டி திட்டுவது கேட்காது, அவ்வளவுதான். இவருக்குக் காதுதான் பிழைப்பு. மோட்டார் அறையில் நின்று சத்தத்தைக் கேட்டே லிஃப்டுக்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவார். பதறிப்போய் அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்த டாக்டரிடம் போனார். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், தண்ணீர் பீய்ச்சினார், அடைப்பு போய்விட்டது. எழுந்து கிளம்பும் நேரத்தில் டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானே இந்த லிஃப்டப் பாத்துக்கிறவர்?”

“ஆமா டாக்டர்.”

“நான் சொல்ற வரைக்கும் லிஃப்ட்ல கால் வைக்காதீங்க. ஏறுறது இறங்குறது எல்லாம் படியிலதான். எண்ணெய், சர்க்கரை ரெண்டையும் குறைங்க.”

“எனக்கு என்ன டாக்டர்?”

“போகப் போகத் தெரியும்.”

காதுக்கும் மாடிப்படிக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது மெக்கானிக்குக்கு. கீழே, லிஃப்டுக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மனைவியிடம் வந்து சொன்னார். அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரை ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

“‘போகப் போகத் தெரியும்’னு சொன்னாரா? அப்ப இருதயம்தான்.”

“காதுக்குத்தானேம்மா போனேன்?”

“காது வழியாப் பாத்திருப்பாரு. அவங்களுக்கு எல்லாம் தெரியும். இதப் பத்தி வெளிய மூச்சு விடாதீங்க. ஓனர் காதுல விழுந்துச்சு, சீக்காளிக்கு இங்க என்ன வேலைன்னு சீட்டக் கிழிச்சிடுவாரு.”

அன்றிலிருந்து வீட்டில் அவித்த பீன்ஸ், வெள்ளரிக்காய், சர்க்கரை இல்லாத டீ. வாணலி பரணுக்குப் போனது. டாக்டரிடமே போய் மறுபடி கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்ற பயத்தில் மெக்கானிக் கேட்கவில்லை. ஐந்தாம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு ஓடினார்.

இன்சூரன்ஸ் மேனேஜரிடம் மாட்டிய மறுநாள் காலையில் மெக்கானிக் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓடவில்லை. காது மறுபடி அடைத்துக்கொண்டதோ என்று விரலைவிட்டுக் குடைந்து பார்த்தார். இல்லை, புறா கத்துவது கேட்டது. பிரேக்கைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், ஸ்விட்சைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. யாரும் பட்டனை அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

குழப்பத்தோடு படியில் இறங்கினார். அங்கே திருவிழாக் கூட்டம். இன்சூரன்ஸ் ஆபீஸ் முழுக்கப் படியில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் டாக்டரிடம் வந்த நோயாளிகள். அவர்களுக்கும் பின்னால் நான்காம் மாடி ஆடிட்டர் அம்மா, கைநிறைய ஃபைல்களோடு, நெற்றியில் வியர்வையோடு.

“என்ன மேடம், எல்லாரும் படியில?”

“ஏங்க, தெரியாத மாதிரி கேக்குறீங்களே! லிஃப்ட ரிப்பேர் பண்றவரே ஏற மாட்டேங்கறாரு. நாங்க ஏறி எங்க பிள்ளைகளத் தெருவுல விடணுமா?”

மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. “மேடம், லிஃப்ட் நல்லா இருக்கு!”

“அப்ப நீங்க ஏறுங்க.”

“நான் ஏறக் கூடாது.”

“அதத்தான் நானும் சொல்றேன்” என்று ஆடிட்டர் அம்மா மேலே போய்விட்டார்.

இப்படியே விட்டால் சரிப்படாது என்று மனைவியின் கடையில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு அச்சடித்து எல்லா மாடியிலும் ஒட்டினார். ‘லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது. பயப்பட வேண்டாம்.’

அதுவரைக்கும் கும்பலோடு படியேறினாலும் பயப்படாமல் இருந்த ஏழாம் மாடிக்காரர்கள் அன்று முதல் பயப்பட்டார்கள்.

“பயப்பட வேண்டாம்னு ஒட்டுற அளவுக்கு என்னமோ நடந்திருக்கு சார்” என்றார் இன்சூரன்ஸ் மேனேஜர், அறிவிப்பின் முன் நின்று. “ஒண்ணும் இல்லாட்டி எதுக்கு ஒட்டணும்? நம்ம வீட்டு வாசல்ல ‘இங்க பாம்பு இல்லை’ன்னு எழுதி வைக்கிறோமா?”

சரி, எழுத்தை நம்பாவிட்டால் கண்ணால் பார்த்தாவது நம்பட்டும். மெக்கானிக் மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து லிஃப்டுக்குள் அடுக்கினார். எல்லோர் கண்ணெதிரிலும் பட்டனை அழுத்தி ஏழாம் மாடிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, மூட்டைகளை இறக்கத் தாம் படியில் ஓடினார். லிஃப்ட் குலுங்காமல் நலுங்காமல் போனது. மெக்கானிக்தான் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து போனார்.

கீழே நின்று பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “மணல் செத்தா பரவாயில்லை, தான் சாகக் கூடாதுன்னு நினைக்கிறாரு” என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு மெக்கானிக்கை விட வேகமாக மாடி ஏறியது.

வாரங்கள் ஓடின. கட்டடத்தின் பழக்கவழக்கமே தலைகீழாகிவிட்டது. சாயங்காலம் கீழே வந்து பொரித்த பலகாரம் வாங்கித் தின்கிற கூட்டம் நின்றுபோனது. இறங்கிவிட்டால் திரும்ப ஏற வேண்டுமே! மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் படி ஏற முடியவில்லை என்று ஆளாளுக்குச் சின்ன டப்பாவில் காய்கறியும் பழமும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வாசல் பலகாரக் கடைக்காரர் மெக்கானிக்கைப் பார்க்கும்போதெல்லாம் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

“உன் லிஃப்ட் நாசமாப் போக! என் எண்ணெய் ஆறிக் கெடக்குதுய்யா!”

“லிஃப்ட் நல்லாத்தாண்ணே இருக்கு.”

“அப்ப ஏறித் தொலையேன்!”

பெல்ட்டுக்கு மெக்கானிக் ஆணியால் புது ஓட்டை போட்டார். உடம்பு இளைக்கிறதே, நோய் முற்றுகிறது போலிருக்கிறதே என்று மனைவி கண்ணைக் கசக்கினாள். பீன்ஸை இன்னும் கொஞ்சம் அதிகமாக அவித்தாள்.

கடைசியில் ஓனர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறை ஆறாம் மாடியில். அவரும் கொஞ்ச காலமாகப் படியில்தான் வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவோடு.

“யோவ், இவ்வளவு பெரிய லிஃப்ட் எதுக்குய்யா, ஷோ காட்டவா? குடியிருக்கிறவன் எல்லாம் காலி பண்றேங்கறான். இப்பவே கீழ போய் எல்லார் முன்னாலயும் ஏறிக் காட்டு!”

வேலையா, உயிரா? மெக்கானிக் நன்றாக யோசித்தார். வேலை இல்லாமல் உயிரை வைத்துக்கொண்டு பீன்ஸ்தான் தின்ன வேண்டும். ஒருதரம் ஏறினால் இருதயம் நின்றா போய்விடும்? கீழே வந்தார். கூட்டம் கூடியிருந்தது. லிஃப்ட் கதவு திறந்தது. கடவுளை நினைத்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார்.

“ஐயோ! ஏங்க!” ஜெராக்ஸ் கடையிலிருந்து தாள்கள் பறக்க மனைவி ஓடிவந்தாள். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். “உள்ள கால வச்சீங்க, என் தாலி போச்சு! உயிர விட வேலையா பெருசு? யாரு வேணா ஏறட்டும், நீங்க ஏறாதீங்க!”

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. லிஃப்டில் ஏற்றப் பார்சல் கொண்டுவந்திருந்த ஒரே ஒரு ஆளும் பார்சலைத் தோளில் ஏற்றிக்கொண்டு படிப்பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா?” என்றார் இன்சூரன்ஸ் மேனேஜர். “பொண்டாட்டிக்கே தெரிஞ்சிருக்கு!”

ஓனர் லிஃப்ட் கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். இன்ஸ்பெக்டர் பெரிய படிப்புப் படித்தவர், சின்னப் பையில் நிறைய கருவிகள் வைத்திருந்தார். காலையில் லிஃப்டிலேயே மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லாவற்றையும் தட்டினார், அளந்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். முடிவில் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அருமையா வச்சிருக்கீங்க. இவ்வளவு சுத்தமான மோட்டார நான் பாத்ததே இல்லை. ஒரு குறையும் இல்லைன்னு எழுதித் தரேன். வாங்க, கீழ போகலாம்.”

மெக்கானிக்குக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணில் நீரே வந்துவிட்டது. “ரொம்ப நன்றி சார். நீங்க லிஃப்ட்ல போங்க. நான் படியில வந்துடறேன்.”

இன்ஸ்பெக்டர் நின்றார். “படியிலயா? ஏன்?”

“அது... நான் ஏறுறதில்லை சார்.”

இன்ஸ்பெக்டர் மோட்டாரைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். மெக்கானிக்கின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “நானும் உங்ககூடவே வரேன். காலுக்கும் நல்லது” என்றார்.

லிஃப்ட் பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டவரும் அதைப் பராமரிப்பவரும் சேர்ந்து படியில் இறங்கி வருவதை ஓனர் ஆறாம் மாடித் திருப்பத்தில் நின்று பார்த்தார். அதற்குமேல் அவர் எதையும் கேட்கத் தயாராக இல்லை.

“பூட்டுய்யா லிஃப்ட! நாளையிலிருந்து நீயும் வர வேண்டாம்!”

மெக்கானிக் மோட்டார் அறைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். இந்த மோட்டாரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவர். அதற்கும் ஒன்றும் இல்லை, தமக்கு என்ன என்றும் தெரியவில்லை, நடுவில் வேலை மட்டும் போய்விட்டது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. சாகிறதென்றாலும் எதனால் சாகிறோம் என்று தெரிந்துகொண்டு சாகலாம் என்று எழுந்தார்.

படியில் இன்சூரன்ஸ் மேனேஜர் எதிர்ப்பட்டார். இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. இடுப்பில் பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உங்களாலதான்யா! என் பேண்ட் ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது!” என்று கத்திவிட்டு மேலே பறந்தார்.

ஐந்தாம் மாடிக்கு வந்ததும் மெக்கானிக் முதல்முறையாக முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கிளினிக்குக்குள் நுழைந்தார். கவுன்டரில் நர்ஸ் இருந்தார்.

“சிஸ்டர், டாக்டரப் பாக்கணும். எனக்கு என்ன வியாதின்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். மறைக்காதீங்க, தாங்கிக்குவேன்.”

“உள்ள ஓனர் இருக்காரே. கொஞ்சம் உக்காருங்க. வியாதியா? உங்களுக்கா? காதுல அழுக்கு அடைச்சிருந்துது. அன்னைக்கே எடுத்தாச்சே. இப்ப கேக்குதுல்ல?”

“காது கேக்குது சிஸ்டர். இருதயம்?”

“அதுக்கென்ன? நல்லாத்தானே இருப்பீங்க. டெய்லி ஏழு மாடி ஏறுறீங்க.”

“அப்ப சர்க்கரை? ரத்தக்கொதிப்பு?”

“டாக்டர் அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலையேங்க.”

“ஒண்ணும் இல்லாதவனுக்கு எதுக்கு சிஸ்டர் அந்த மருந்தக் குடுத்தாரு? படி, பீன்ஸ், வெள்ளரிக்கா... ஊரே என்னைத் திட்டுது. வேலையே போயிடுச்சு சிஸ்டர்!”

நர்ஸ் டாக்டரின் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஓனருக்கு சர்க்கரை நல்லா எறங்கியிருக்கு, உங்களப் பத்தித்தான் டாக்டர் உள்ள பேசிக்கிட்டிருக்காரு. பின்ன என்னங்க, இத்தனை வருஷமா ‘படி ஏறுங்க, படி ஏறுங்க’ன்னு இங்க இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னாரு, ஒருத்தராவது கேட்டாங்களா? டாக்டர் உங்களுக்கு மருந்து எதுவும் குடுக்கலைங்க. கட்டடத்துக்குக் குடுத்த மருந்தே நீங்கதான்.”