மாமாவின் மொரிஸும் நான் இறுக்கிய போல்ட்டும்

மருந்துக் கடையில் நிற்பவனுக்கு ஊசி போடத் தெரியும் என்றும், உதிரிப்பாகக் கடையில் நிற்பவனுக்கு வாகனம் திருத்தத் தெரியும் என்றும் உலகம் நம்புகிறது. நம்பிவிட்டுப் போகட்டும். அதை மறுக்காமல் மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிறோம் பாருங்கள், அங்கேதான் வினை தொடங்குகிறது.

நான் அப்போது புத்தளம் நகரத்தில் ஓர் உதிரிப்பாகக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பார்த்தே உள்ளே என்ன சாமான் என்று சொல்லிவிடுவேன். அது வாகனத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பேன். ஆனால் எனக்குப் பெண் பேசப் போன தரகர், பெண்ணின் ஊரான எத்தாளையில், "மாப்பிள்ளைக்கு வாகன வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வந்திருந்தார். (பொய் என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் கருவாடு விற்பவருக்கும் கடல் தொழில்தான்.)

பெண்ணின் வாப்பா, அதாவது என் வருங்கால மாமா, யாழ்ப்பாணத்து ஆள். யுத்த காலத்தில் உடுத்த உடுப்போடு வெளியேறி வந்து, எங்கள் பக்கத்தில் வெங்காயம் வாங்கி விற்று எழும்பியவர். யாழ்ப்பாணத்தில் தன் கலியாணத்துக்கு அவர் ஒரு மொரிஸ் மைனரில்தான் மாப்பிள்ளையாகப் போனாராம். அந்தக் கார் அங்கேயே விட்டுப்போனது. இங்கே கொஞ்சம் நிமிர்ந்ததும் அவர் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அதே நிறத்தில் இன்னொரு மொரிஸ் மைனர். யுத்தமும் முடிந்துவிட்டது, மூத்த மகளுக்கும் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வந்து இறங்க வேண்டும். இதில் மறுபேச்சுக்கு இடமே இல்லை.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது காரின் பின்பக்க ஸ்பிரிங் உடைந்து, கார் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. புது ஸ்பிரிங்கை எங்கள் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதைக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் மணப்பெண் நஸ்ரின் நிற்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் என் திட்டம்.

"கராஜ் பாஸ் தலவில சேர்ச் பெருநாளுக்குப் போயிட்டார், மருமகன். எப்ப வருவாரோ தெரியாது," என்றார் மாமா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கென்ன, நீங்க நிக்கிறீங்கதானே. நாங்களே கழட்டுவம்."

ஜன்னலில் திரை அசைந்தது. அசையும் திரைக்கு முன்னால் 'எனக்குத் தெரியாது' என்று சொன்ன மாப்பிள்ளை எந்த ஊரிலாவது உண்டா? சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

சக்கரத்தைக் கழற்றும் வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த போல்ட்டில் வந்து முட்டி நின்றோம். உப்புக் காற்று தின்று தின்று, அதில் இரும்பு எது, துரு எது என்று பிரிக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம். தேங்காயெண்ணெய் ஊற்றினோம். மாமி ஒரு போத்தலில் சுறா எண்ணெய் கொண்டுவந்து வைத்தார். அதையும் ஊற்றியதில் எத்தாளையின் பூனைகளெல்லாம் வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தன. போல்ட் அசையவில்லை.

"மாப்பிள்ளை மண்ணில படுக்கக்கூடாது," என்று சொல்லி மாமாவே காருக்கு அடியில் புகுந்தார். உள்பக்கத்தில் நட்டை அவர் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வது, வெளிப்பக்கத்தில் போல்ட்டின் தலையை நான் திருப்புவது என்று ஏற்பாடு. நான் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டேன், அவர் என் கண்ணுக்குத் தெரியமாட்டார். சோளகக் காற்று வேறு தென்னோலைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, ஸ்பேனர் நட்டுல சரியா இரிக்கா?" என்று கத்தினேன்.

"இறுக்கு! இறுக்கு!" என்று பதில் வந்தது.

குழம்பிப் போனேன். கழற்ற வேண்டியதை எதற்கு இறுக்க வேண்டும்? அப்போதுதான், பிடித்துப்போன நட்டை முதலில் கொஞ்சம் இறுக்கினால்தான் துரு விடும் என்று கடைக்கு வரும் மெக்கானிக் பாஸ்மார் பேசிக்கொள்வது ஞாபகம் வந்தது. ஆகா, மாமா விஷயம் தெரிந்தவர்! அதைவிட இன்னொன்று என்னை உச்சிகுளிர வைத்தது. அதுவரை 'வாங்க, இருங்க, குடிங்க' என்று என்னைத் தள்ளியே வைத்திருந்த மனிதர், 'இறுக்கு' என்று ஒருமையில் சொல்லிவிட்டார். பெற்ற மகனிடம்தானே அப்படிச் சொல்வார்கள்? உற்சாகத்தில் முழுப் பலத்தையும் போட்டு இறுக்கினேன்.

"இப்பவும் சரியா இரிக்கா, மாமா?"

"நல்லா இறுக்கு!"

பக்கத்தில் கிடந்த குழாய்த் துண்டை ஸ்பேனரில் செருகிக்கொண்டு தொங்கினேன். போல்ட் ஒரு மயிரிழை அசைந்தது.

"அசையுது மாமா! ஸ்பேனர் விலகாம இரிக்கா?"

"இறுக்கு, இறுக்கு! பயப்பிடாம திருப்புங்க!"

ஒரே மூச்சில் 'இறுக்கு' என்று ஒருமை, 'திருப்புங்க' என்று மரியாதை. இதில் நான் மகனா, மருமகனா? யோசித்துக்கொண்டே பிஸ்மில்லாஹ் சொல்லி ஓர் இழுப்பு இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை முறிந்து, குழாயோடும் ஸ்பேனரோடும் நான் பூனைகளுக்கு நடுவில் மல்லாந்து விழுந்தேன்.

"டேய்! என்னடா செய்தாய்?" என்று காருக்கு அடியிலிருந்து மாமா அலறினார். (உண்மையான ஒருமை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.)

முற்றத்திலேயே விசாரணை தொடங்கியது.

"நீங்கதானே மாமா இறுக்கச் சொன்னீங்க?"

"நானா? கழட்டுற போல்ட்டை எந்த விசரன் இறுக்கச் சொல்லுவான்?"

"நல்லா இறுக்கு எண்டும் சொன்னீங்களே!"

"வல்லாஹி, நான் அப்பிடிச் சொல்லேல்லை!"

இருவரும் உண்மையே பேசினோம். அதனால்தான் வழக்கு நகரவில்லை. கடைசியில் திரைக்குப் பின்னாலிருந்து, நான் அதுவரை கேட்டேயிராத ஒரு குரல் வந்தது.

"வாப்பா, அவர் உங்களிட்ட ஸ்பேனர் 'இரிக்கா' எண்டு கேட்டவர். நீங்க 'இருக்கு' எண்டு சொன்னீங்க. அவர் அதை 'இறுக்கு' எண்டு விளங்கிட்டார்."

எங்கள் வீட்டில் சீனி 'இரிக்கி', தேயிலை 'இரிக்கி', வாப்பாவுக்கு வருத்தம் 'இரிக்கி'. 'இருக்கு' என்ற சத்தம் என் காதில் விழுந்தால் அது எதையாவது இறுக்குவதற்காக மட்டுமே இருக்க முடியும். சின்ன ர, பெரிய ற என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் சோளகக் காற்றில் செல்லுபடியாகாது.

மாமா முறிந்த தலையைக் கையில் வைத்துப் பார்த்தார். "மருமகன், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு வாகன வேலை தெரியுமா?"

"பில் எழுதுவேன், மாமா."

நிக்காஹ் நின்றது என்றே நினைத்தேன். மாமா மண்ணில் உட்கார்ந்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டப் போனால், மனிதர் சிரிக்கிறார்.

"எனக்கும் ஒண்டும் தெரியாது. எந்தப் பக்கம் திருப்பினாக் கழலும் எண்டு உங்களுக்குத் தெரியும் எண்ட நம்பிக்கையிலதான் நான் அடியில படுத்தனான்!"

பாஸ் பெருநாள் முடிந்தும் வந்து சேரவில்லை. உடைந்த ஸ்பிரிங்கோடு, துரு பிடித்திருந்த பிடியை மட்டும் நம்பி, சரிந்த காரில் சரிந்தபடியே மாப்பிள்ளையாகப் போய் இறங்கினேன். நடந்து வந்தவர்களெல்லாம் எங்களை முந்திப் போய்விட்டார்கள். காரை நேராகக் காட்ட வேண்டும் என்று படம் பிடித்தவர் கமராவைச் சரித்தார். அதனால் எங்கள் கலியாணப் படத்தில் கார் நேராக நிற்கிறது, தென்னைமரங்களும் கடலும் சரிந்து கிடக்கின்றன.

அதற்குப் பிறகு, என் கையில் எந்த ஆயுதம் இருந்தாலும் அந்த வீட்டில் யாரும் 'இருக்கு' என்று சொல்வதில்லை. அவர்கள் பக்கத்தில் பொருட்களுக்குக் 'கிடக்கு' என்றும் ஒரு சொல் உண்டு. நான் தேங்காய் துருவ உட்கார்ந்தால்கூட, "தேங்காய் கிடக்கு, சீனி கிடக்கு" என்றுதான் பதில் வரும்.

போன வருடம் மாமாவுக்கு முழங்காலில் வருத்தம். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அவருடைய காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டே, "நோவு இருக்கா, ஐயா?" என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மாமா வாயைத் திறந்தார், பக்கத்தில் நின்ற என்னைக் கண்டார், சட்டென்று மாற்றிக்கொண்டார்.

"கிடக்கு டொக்டர், கிடக்கு!"

டொக்டர் ஒன்றும் விளங்காமல் விழித்தார். மாமா என்னைக் கையால் காட்டினார்.

"மற்றச் சொல்லைச் சொன்னா இவர் வந்து இறுக்கிப்போடுவார்."