பிறந்தநாளுக்கு வாழ்த்திய நடிகர்

வாய்மொழியாகக் கிடைத்த சம்மதத்தை எழுத்தில் உறுதிப்படுத்தும்வரை அதன்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. மன்னார் மாவட்டக் கச்சேரியில் அரச அதிகாரியாக இருந்த காலமெல்லாம் மற்றவர்களுக்கு நான் ஓதிய விதி இது. ஓய்வுபெற்றதும் அதை மீறியவனும் நானே.

போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய முதல் ஆண்டு. மனைவி அகதி முகாமிலேயே கண்ணை மூடிவிட்டாள். கனடாவில் இருக்கும் மகள் ஞாயிறுகளில் பேசுவாள். அயலில் பல வீடுகளுக்குக் கூரையில்லை. என் கூரையில் டிஷ் அன்ரனாவே இருந்தது. சந்தா கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சி. (பார்ப்பதற்கல்ல, வீட்டுக்குள் யாராவது கதைக்கட்டும் என்று.)

என் பிறந்தநாள் ஞாயிறு அல்ல. ஆனாலும் தொலைபேசி அடித்தது. "வணக்கம். பிறந்தநாள் வாழ்த்துகள்." சந்தா வாங்கும் தொலைக்காட்சி நிறுவனத்தின் விளம்பரத்தில் வரும் நடிகரின் குரல். எழுந்து நின்று, இடுப்புச் சாரத்தைச் சரிசெய்து, எங்கள் கோயில் திருநாளுக்கு வருமாறு அழைத்தேன். சிறு அமைதி. "மிக்க மகிழ்ச்சி. உங்கள் அன்புக்கு நன்றி."

பக்கத்து வீட்டுச் சூசையிடம் மட்டும் சொன்னேன். அன்று மாலையே என் வாசலில் ஆட்கள். திருநாள்வரை தினமும் வந்தார்கள். தேநீர்க் கோப்பைகள் போதவில்லை.

திருநாளன்று முருங்கனிலிருந்தும் சனம் வந்தது. திருப்பலி முடிந்தது. மேடை நடுவே நடிகர் அமர வெள்ளைத்துணி விரித்த கதிரை. அதை மோந்து பார்க்க ஒரு கழுதை மட்டும் வந்தது.

"ஐயா, எத்தினை மணிக்கு வாறாராம்?" என்றார் சூசை.

"சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

வெள்ளாங்குளத்திலிருந்து வந்திருந்த சூசையின் தங்கை குறுக்கிட்டாள். "ஐயா, அது பதிஞ்சு வைச்ச குரல். எனக்கும் வந்தது. பால்மா விலை ஏறிப்போச்செண்டு சொன்னனான். அதுக்கும் மிக்க மகிழ்ச்சியாம்."

மறுநாளிலிருந்து வாசலுக்கு யாரும் வரவில்லை.

மகள் சிரித்து முடித்துக் கேட்டாள்: "அந்தாளுக்கு ஏனப்பா கொம்பனி இவ்வளவு காசு குடுக்குது?"

எனக்குத் தெரியும். படம் காட்ட அவர் தேவையில்லை. சந்தாவை நிறுத்த நினைப்பவனுக்கு, தெரிந்த ஒருவரை வீட்டைவிட்டு அனுப்புவதுபோல் இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சம்பளம். நானும் நிறுத்தவில்லை.

"நடிகர் வந்திட்டாரோ அப்பா?" இன்றும் மகளின் முதல் கேள்வி இதுதான்.

பதிவுசெய்த குரல் என்று முன்கூட்டியே அறிவிக்காதது பற்றி நிறுவனத்துக்கு முறைப்படி முறைப்பாடு அனுப்பினேன். நினைவூட்டலும் அனுப்பினேன். பதில் வந்தது, அதே குரலில், என் அடுத்த பிறந்தநாளன்று. அதுவும் ஞாயிறு அல்ல.