குதிரை விளக்கு

குதிரையில் காசு கட்டித் தோற்பவர்கள் இரண்டு வகை. கனவில் பாம்பு வந்தது, காலையில் வெள்ளைப் பசு எதிர்ப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டித் தோற்பவர்கள் ஒரு வகை. உட்கார்ந்து படித்து, கணக்குப் பார்த்து, மண்டையைக் குடைந்து, அதன் பிறகு கட்டித் தோற்பவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது வகை. தோல்வி ஒன்றுதான் என்றாலும் எங்களுக்கு ஒரு மரியாதை உண்டு.

இதைச் சொன்னால் மாத்தளையில் என்னிடம் படித்தவர்கள் நம்ப மாட்டார்கள். அறுபதுகளில் நான் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணக்கும் சைவசமயமும் படிப்பித்தேன். வெள்ளைச் சேலை, இறுக்கிப் பின்னிய தலை, கையில் குடை. என்னைக் கண்டால் பையன்கள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். (மேட்டில் மட்டுமல்ல, பள்ளத்திலும்.)

கொழும்பில் ரேஸ் நின்றுபோயிருந்த காலம் அது. அதனால் குதிரை ஓடுவது இங்கிலாந்தில், காசு கட்டுவது மாத்தளையில் என்று ஆகியிருந்தது. என் கணவர் சிவஞானம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கிளாக்கர். சனிக்கிழமை தோறும் ரேஸ் பேப்பர் வாங்கி, பெயர் அழகாக இருக்கிற குதிரையாகப் பார்த்துக் கட்டுவார். குதிரையும் அழகாகக் கடைசியில் வரும். ஒருநாள் கோபத்தில் அந்தப் பேப்பரை நானே பறித்துப் படித்தேன். போன ஓட்டத்தில் எத்தனையாவது, சுமந்த பாரம் எவ்வளவு, தரை ஈரமா காய்ந்ததா, மேலே ஏறி ஓட்டுகிற ஜொக்கி யார். இரண்டு பக்கம் புரட்டியதும் விளங்கிவிட்டது. இது சூதாட்டமில்லை. இது மாணவர் முன்னேற்ற அறிக்கை!

அன்று தொட்டு நான் குதிரைகளுக்குச் சிவப்பு மையால் பரீட்சைப் புள்ளி போட ஆரம்பித்தேன். "திறமை உண்டு, கவனம் போதாது." "முதல் பாதியில் துள்ளி, கடைசியில் தூங்குகிறது." "சேர்க்கை சரியில்லை." (இது ஜொக்கியைப் பற்றி.) மூளை என்னுடையது, கால் அவருடையது. நான் எழுதிக் கொடுத்த துண்டை அவர் கொண்டுபோய் புக்கியில், அதாவது பந்தயம் பிடிக்கும் கடையில், கொடுப்பார். பெரிய பணக்காரராகவில்லை. ஆனாலும் அரிசிக்கும் பருப்புக்கும் குறைவில்லாமல் குதிரைகள் பார்த்துக்கொண்டன. புக்கியில் என் கணவருக்குப் 'புரொபெசர்' என்று பட்டம். அந்தப் பட்டத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதைவிட ஒரு பெரிய குறை இருந்தது. இவ்வளவு குதிரைகளுக்குப் புள்ளி போட்ட நான், ஒரு ஓட்டத்தைக்கூடக் காதால் கேட்டதில்லை. லண்டன் ரேடியோவில் ஓட்டத்தை நேரே சொல்லுவார்கள். புக்கியில் ரேடியோ இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை. அவர் வந்து, "உன்ர குதிரை வெண்டிட்டுதப்பா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். எப்படி வென்றது, யாரை முந்தியது என்று கேட்டால், "ஓடித்தான் வெண்டது" என்பார். ஒரு ரேடியோ வாங்க வேண்டும், ஒரு ஓட்டத்தையாவது முழுதாகக் கேட்க வேண்டும். அந்த நாளில் எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். நகைகூட இரண்டாம் பட்சம்.

அதற்காகவே ஒரு டிரெபிளுக்கு வேலை செய்தேன். மூன்று ஓட்டம், மூன்று குதிரை. மூன்றும் வென்றால்தான் காசு. ஒன்று சறுக்கினாலும் அரோகரா. மாதக்கணக்காகப் பின்தொடர்ந்து மூன்று பேரைத் தெரிந்தெடுத்தேன். ஓல்ட் பிஷப்: வயது போனாலும் ஒழுங்கானவர், ஈரத்தரை பிடிக்கும். கிரே கசின்: போன தவணை சுகமில்லை, இந்தத் தவணை நல்ல முன்னேற்றம். ஹார்பர் மாஸ்டர்: கெட்டிக்காரன், சோம்பேறி ஜொக்கியிடம் இருந்து விடுதலையாகியிருக்கிறான். மூன்றையும் ஊரில் ஒருவரும் மதிக்கவில்லை. ஆகவே மூன்றும் வென்றால் ரேடியோவும் வரும், அதை வைக்க மேசையும் வரும்.

மூவரும் ஒரே சனிக்கிழமை ஓடினார்கள். அதே சனிக்கிழமைதான் என் கணவர் லக்கலையில் மாட்டிக்கொண்டார். முதல்நாள் குளக்கட்டு பார்க்கப் போனவர், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வரும் வழியில் ரோட்டுக்குக் குறுக்கே யானை நின்றதாம். ஜீப்பும் நின்றதாம். யானைக்கு அவசரமில்லை.

சோறு ஆறியது. வெயில் இறங்கியது. என் மூன்றில் முதல் ஓட்டத்துக்கு நேரமும் நெருங்கியது. நான் துண்டைச் சுற்றிப் பணத்தை மடித்தேன், குடையை எடுத்தேன், நடந்தேன். ஒரு பெண் புக்கிக்குள் நுழைந்ததாக மாத்தளைச் சரித்திரத்தில் இல்லை. அதுவும் ஒரு ஆசிரியை! ஆனால் நாலு பேர் பார்த்தால் வேலை போய்விடுமே என்ற பயத்தை ஓல்ட் பிஷப் மேலிருந்த நம்பிக்கை வென்றுவிட்டது.

திருகோணமலை வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. தையல் கடைக்குப் பக்கத்தில் பச்சைத் திரை. விலக்கினேன்.

முதலில் காதில் விழுந்தது ரேடியோ. முந்திய ஓட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரன் மூச்சு விடாமல் குதிரைகளின் பெயர்களை அடுக்குகிறான். பின்னால் சனங்களின் இரைச்சல் தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரி ஏறுகிறது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. யாரோ பின்னுக்கிருந்து முன்னுக்கு வருகிறார்கள், இன்னும் கொஞ்சத் தூரம்தான்...

"டீச்சர் வந்துட்டாங்க! ரேடியோவ நிப்பாட்டு!"

'டிக்' என்று நின்றுவிட்டது. அந்த ஓட்டத்தில் யார் வென்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடை முழுவதும் எழுந்து நின்றது. ஒருவர் எரிகிற சிகரட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு முகத்தால் துடித்தார். என்னிடம் படித்த ஒருவன், இப்போது மீசைக்காரன், கைகட்டி நின்று "வணக்கம் டீச்சர்" என்று ராகம் போட்டான். இரும்புக்கடை ஹனீபா நானா முன்னால் வந்தார்.

"நான் சும்மா கொடையத் தேடி வந்தது டீச்சர். இங்க வுட்டுட்டுப் போனதோ எண்டு."

"குடை உங்கட கையிலதானே இருக்குது நானா?"

நானா தன் கையைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ், கெடச்சிட்டு!" என்றார்.

பந்தயம் எழுதுகிற மாணிக்கம் மேசைக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றான். எல்கடுவத் தோட்டத்துப் பையன், நல்ல மரியாதைக்காரன். "சாரைத் தேடி வந்தீங்களா டீச்சர்? சார் இந்தப் பக்கம் வர்றதே இல்லீங்க. அவரைக் கண்ணால பார்த்தே வருசக்கணக்காச்சுங்க."

"அது கிடக்கட்டும் தம்பி. இதைப் பிடியும்" என்று துண்டையும் பணத்தையும் மேசையில் வைத்தேன்.

மாணிக்கம் துண்டை விரித்தான். சிவப்பு மை. அவனுக்கு நன்றாகப் பழகிய சிவப்பு மை. "போச்சு," என்றான் பக்கத்தில் நின்றவரிடம், "சாரோட துண்டு டீச்சர் கையில மாட்டிக்கிச்சு." பிறகு என்னிடம் கும்பிட்டான். "மன்னிச்சுக்குங்க டீச்சர். இனிமே சாரை வாசப்படி ஏறவே விடமாட்டோம்."

"இல்லைத் தம்பி, நான் சொல்லுறதைக் கேளும். இது என்ர..."

உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஒரு இருமல். அந்த இருமலை நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலைக் கூட்டத்தில், ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு தொடங்குவதற்கு முன்னால் கேட்கிறவள். திரை விலகியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எங்கள் ஹெட்மாஸ்டர் வந்தார்.

"டீச்சர்... நீங்களுமோ?"

வேலை போயிற்று, மானம் போயிற்று, அடுத்த பஸ்ஸில் சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "நல்லது. மிச்சம் நல்லது. நானும் இவையளைத் திருத்தத்தான் வந்தனான்."

அவர் காதில் பென்சில் செருகியிருந்தது. நான் பென்சிலைப் பார்த்தேன். அவர் என் பார்வையைப் பார்த்தார். பென்சில் மெல்லச் சட்டைப்பைக்குள் இறங்கியது.

அந்த இடத்தில் நான் இரண்டில் ஒன்று சொல்லியிருக்கலாம். "நான் காசு கட்ட வந்தனான்" என்று உண்மையைச் சொல்லி வேலையை இழந்திருக்கலாம். அல்லது... "ஓம் சேர்" என்றேன். இரண்டே சொல். என் டிரெபிள் அங்கேயே செத்துவிட்டது.

அதன் பிறகு அவர் பேசினார் பாருங்கள்! தருமர் நாட்டை இழந்ததில் தொடங்கி நளன் காட்டுக்குப் போனது வரைக்கும். கடைசியில் மாணிக்கத்தைப் பார்த்து, "அந்தத் துண்டைக் கிழிச்செறி!" என்று முழங்கினார். மாணிக்கம் என் பணத்தை என் கையில் தந்துவிட்டு, துண்டை என் கண் முன்னால் இரண்டாகக் கிழித்தான். ஓல்ட் பிஷப் ஒரு பாதி, ஹார்பர் மாஸ்டர் மறுபாதி, கிரே கசின் நடுவால் பிளந்துபோனார். என்னையறியாமல் கண்ணீர் வந்துவிட்டது. புருசனை நினைத்து அழுகிறேன் என்று ஹனீபா நானாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவள் எழும்பவில்லை. மறுநாள் காலையில் என் கணவர் வந்தார். ஒரு கையில் அன்னாசிப்பழம், மறுகையில் பிஸ்கட் டின், கக்கத்தில் உடுக்கிற புதுச் சாரம் ஒன்று.

"என்னப்பா நடந்தது இந்த ஊருக்கு? பஸ் ஸ்டாண்டில என்னைக் கண்டு மாலை போடாத குறை. மூண்டும் வெண்டிட்டுதாம்."

"எந்த மூண்டு?" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"எனக்கென்ன தெரியும்? என்ர துண்டாம். நீ போய்க் கிழிப்பிச்சியாம். நீ வெளிக்கிட்ட கையோட இரண்டு பாதியையும் ஒட்டிப் படிச்சு எல்லாரும் கட்டியிருக்கினம். ஹெட்மாஸ்டர்தான் முதல் ஆளாம். நான் லக்கலையில யானையோட நிண்டனான் எண்டு சொன்னா ஒருத்தரும் நம்பினமில்லை. 'புரொபெசர் பகிடி விடுறார்' எண்டு சிரிக்கினம்."

முதலில் எனக்கு வந்தது பெருமை. மூன்றுக்கு மூன்று! பிறகு ரேடியோ ஞாபகம் வந்தது. பிஸ்கட் டின்னைத் தூக்கி அவர் மேல் எறிந்தேன். (மூடி இறுக்கமாக இருந்ததால் பிஸ்கட்டுக்குச் சேதமில்லை.)

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். ஹெட்மாஸ்டர் தன்னைக் காத்துக்கொள்ள, அன்று மாலையே வீட்டுக்கு ஓடி மனைவியிடம் என் வீரத்தை வர்ணித்திருக்கிறார். அந்த அம்மாதான் மாதர் சங்கத் தலைவி. ஒரு கிழமைக்குள், புக்கிக்குள் தனியாகப் புகுந்து துண்டைக் கிழித்தெறிந்த வீராங்கனைக்குப் பாராட்டுக் கூட்டம். 'சூதின் தீமை' என்று நான் பேச வேண்டுமாம். மறுத்தால் ஏன் மறுக்கிறேன் என்று கேட்பார்களே.

பேசினேன். நன்றாகவே பேசினேன், விஷயம் தெரிந்தவள் அல்லவா! பேச்சு சூடுபிடித்ததும் என்னை மறந்துவிட்டேன். "தரை ஈரமாக இருக்கும்போது பெரிய பாரம் சுமக்கிற குதிரையை நம்பிக் காசைக் கொட்டுகிறார்களே, இவர்களுக்குப் புத்தி இருக்கிறதா?" என்று மேசையில் அடித்துவிட்டேன். தலைவி நிமிர்ந்து பார்த்தார். "...என்று அவர்களே பேசிக்கொள்வதாகக் கேள்வி" என்று சமாளித்தேன். முன்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஆண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முடிவில் எனக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்குப் பரிசளித்தார்கள். இடுப்பளவு உயரம். அடியில் 'சூதொழித்த செல்விக்கு, மாதர் சங்கம்' என்று வெட்டியிருந்தது. (கல்யாணமானவள் எப்படிச் செல்வி என்று ஒருவரும் யோசிக்கவில்லை.) இந்த முறை விளக்குக்குப் புருசன்மார் அள்ளிக் கொடுத்தார்கள் என்று தலைவி மேடையிலேயே வியந்தார். எல்லாம் என் மூன்று குதிரைகள் ஓடிச் சம்பாதித்த காசு. எப்படியோ ஒரு பங்கு என்னிடம் வந்து சேர்ந்தது.

ரேடியோ பிறகு சிறுகச் சிறுகத்தான் வந்தது. அதற்குள் ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புது ரேடியோவை வைத்த முதல் சனிக்கிழமை, குத்துவிளக்கை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். லண்டன் கரகரத்து வந்தது. குதிரைகள் புறப்பட்டன. வளைவு திரும்பி நேர்த்தரைக்கு வருகின்றன. அப்போது வாசலில் ஒரு இருமல்.

நான் துள்ளி எழுந்து 'டிக்' என்று ரேடியோவை நிறுத்தினேன். பழக்க தோஷம்.

வாசலில் ஹெட்மாஸ்டர் நின்றார். விளக்கைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், என் கையிலிருந்த சிவப்புப் பேனாவையும் மடியிலிருந்த ரேஸ் பேப்பரையும் பார்த்தார். சிவப்பு மையை அதிக நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரையை ரேடியோவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"நிப்பாட்டாதேங்கோ டீச்சர்," என்றார். "நானும் திருத்தத்தான் வந்தனான்."

கண் மூடும்வரை அவர் சனிக்கிழமை தவறாமல் வந்தார். எங்கள் வீட்டில் இப்போதும் முறுக்கு டின்னுக்குள் கைவிட்டுப் பிடிபடுகிறவர்கள் எல்லாரும் திருத்தத்தான் வந்திருப்பார்கள். அந்த விளக்குக்கு என் மகள் வைத்த பெயர் குதிரை விளக்கு. அவள் கல்யாணத்துக்கும் அதைத்தான் ஏற்றினோம். மாப்பிள்ளை வீட்டார் அடியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எவ்வளவு ஒழுக்கமான குடும்பம் என்று மெச்சிக்கொண்டார்கள்.